பிரிந்த பாய்வின் நிலையின்மையை அளப்பது எப்படி: துடிப்பது பாய்வா, உங்கள் தொட்டியா?

கேள்வியின் சாரம் இது. ஆய்வகத்தில் 400 மி.மீ. அகலமுள்ள ஒரு நீர் வாய்க்கால் (தொட்டி) இருக்கிறது. அதில் பின்னோக்கிய படி ஒன்றை, அதாவது பாய்வின் திசையில் தரை திடீரெனத் தாழும் வடிவத்தை, பொருத்தி, பாய்வு சுவரை விட்டுப் பிரியும்போது எழும் நிலையின்மையை ஆராய வேண்டும். சாயம் விட்டுப் பார்த்தபோது அழகான சுழல்கள் உருண்டு போவது தெரிகிறது. மாதிரியை எந்த அளவில் செய்வது, கூர்மையான படிக்குப் பதில் மழுங்கிய மேடு வைக்கலாமா, எதை அளப்பது, அளந்ததை நிலையின்மை என்று எப்படி நிறுவுவது?

கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லா முடிவுகளும் அதைப் பொறுத்தவை. சுழல் தெரிவதை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. பிரிந்த பாய்வு இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஒன்று, அலையியற்றி: வெளியிலிருந்து எந்தத் தூண்டலும் இல்லாமலே, ஒரு குறிப்பிட்ட ரெய்னால்ட்ஸ் எண்ணை (வேகத்தையும் நீளத்தையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் வருவது) தாண்டியதும் தனக்கே உரிய அதிர்வெண்ணில் துடிக்கும். வட்ட உருளைக்குப் பின்னால் வரும் சுழல்தொடர் இதற்கு உதாரணம். 47 என்ற எண்ணையொட்டி அது பிறக்கிறது. மற்றொன்று, பெருக்கி: மேலிருந்து, அதாவது நீர் வரும் பக்கத்திலிருந்து, வரும் சிறு இரைச்சலை வாங்கிப் பல மடங்காக்கிக் கீழே, நீர் போகும் பக்கம், அனுப்பும். இரைச்சல் இல்லையென்றால் அதுவும் அமைதியாக இருக்கும். பின்னோக்கிய படி பெரும்பாலும் இரண்டாம் வகை. பிளாக்பர்ன், பார்க்லி, ஷெர்வின் மூவரும் 2008-இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, ரெய்னால்ட்ஸ் எண் 500-இலேயே ஒரு சிறு குலைவின் ஆற்றல் சுமார் 60,000 மடங்கு வரை வளர முடியும். வீச்சாகப் பார்த்தால் அது ஏறத்தாழ 250 மடங்கு. நுழைவாயிலில் பொருத்தமான வடிவில் 0.1 சதவீத ஏற்ற இறக்கம் இருந்தாலே போதும், கீழே அது முதன்மை வேகத்தின் கால் பங்காகத் தெரியக்கூடும். ஆகவே நீங்கள் கண்ட சுழல்கள் பெருக்கப்பட்ட பம்ப் இரைச்சலாகவும் இருக்கலாம்.

சாயத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. சாயக்கோடு என்பது ஒரு புள்ளி வழியாகக் கடந்த துகள்களின் வரலாறு. அந்தக் கணத்துப் பாய்வின் படம் ஆகாது. மெல்லிய பயண அலை ஒன்று ஷியர் லேயரில் (வேகமான பாய்வுக்கும் மெதுவான பாய்வுக்கும் இடையிலுள்ள மெல்லிய அடுக்கில்) ஓடினாலே, அங்கே தனிச் சுழல் எதுவும் இல்லாதபோதும், சாயக்கோடு சுருண்டு மடங்கும். இதை ஹாமா 1962-இலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். பிரிவு எங்கே, குமிழ் (பிரிந்த பாய்வுக்கு அடியில் நீர் பின்னோக்கிச் சுழலும் பகுதி) எவ்வளவு நீளம் என்று பார்க்கச் சாயம் நல்லது. வளர்ச்சி வீதம், வீச்சு என்று வந்துவிட்டால் சாயத்தை ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் தொட்டியைச் சோதியுங்கள்

படியைச் செய்யும் முன், விடை தெரிந்த ஒரு பாய்வை அதே வாய்க்காலில் வைத்துப் பாருங்கள். 2.5 மி.மீ. விட்டமுள்ள நேரான எஃகுக் கம்பியை அகலத்துக்குக் குறுக்கே பொருத்தினால் போதும். 20 டிகிரி நீரில் வினாடிக்கு 2 செ.மீ. வேகம் என்றால் ரெய்னால்ட்ஸ் எண் 50. சுழல் உதிரும் அதிர்வெண் 1 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே இருக்கும். கம்பியின் சொந்த அதிர்வெண் இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் கம்பி ஆடுமோ என்ற கவலை வேண்டாம்.

வேகத்தை மெல்ல ஏற்றி, கம்பிக்குப் பின்னால் ஒரே புள்ளியில் குறுக்கு வேகத்தின் வீச்சை அளவிடுங்கள். வீச்சின் வர்க்கத்தை ரெய்னால்ட்ஸ் எண்ணுக்கு எதிராக வரைந்தால், தொடக்கத்தை ஒட்டி ஒரு நேர்கோடு வரவேண்டும். அந்தக் கோடு அச்சை வெட்டும் இடமே மாறுநிலை எண். மாத்தி, ப்ரோவான்சால், புவாயே குழு 1980-களில் சுழல் உதிர்வை ஹாப் பிளவாக (நிலையான பாய்வு ஒரு மாறுநிலை எண்ணில் துடிப்பாக மாறுவது) நிறுவியது இத்தகைய அளவீடுகளால்தான். ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒரே கோடு வரவேண்டும். கோடு 47-ஐ விட்டு வெகுதூரம் தள்ளி வெட்டினால் முதலில் வேக அளவீட்டையும் வெப்பநிலையையும் சந்தேகியுங்கள். அதிர்வெண் மட்டும் எதிர்பார்த்ததைவிடச் சில சதவீதம் குறைவாக வந்தால், சுழல்கள் கம்பிக்கு இணையாக உதிராமல் சாய்ந்து உதிர்கின்றன என்று பொருள். 15 டிகிரி சாய்வு அதிர்வெண்ணைச் சுமார் 3.4 சதவீதம் குறைக்கும், ஏனென்றால் அது சாய்கோணத்தின் கோசைன் அளவில் மாறுகிறது. கம்பியின் இரு முனைகளிலும் தகடு வைத்து, தகட்டின் கோணத்தைச் சற்றே உள்நோக்கித் திருப்பினால் இணை உதிர்வு கிடைக்கும் என்பதை வில்லியம்சன் 1980-களின் இறுதியில் காட்டினார்.

வீச்சு நேர்கோடாக வராமல், மாறுநிலைக்குக் கீழேயே வால் போல நீண்டால் உங்கள் வாய்க்காலில் இரைச்சல் அதிகம். இந்தச் சோதனையில் தேறாத தொட்டியில் படியை வைப்பது வீண்வேலை. உருளை அலையியற்றி என்பதால் இரைச்சலை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், படி பொறுக்காது.

படியின் அளவு

வடிவியலைத் தேர்ந்தெடுக்கும்போது ஒப்பிட எண்கள் உள்ள ஒன்றையே எடுங்கள். விரிவு விகிதம் 2 கொண்ட மூடிய கால்வாய்ப் படிக்கு, பார்க்லி, கோமெஸ், ஹெண்டர்சன் 2002-இல் கணித்த மாறுநிலை எண் 748. நுழைவில் முழுமையாக வளர்ந்த பரவளைய வேகவடிவம், அதன் உச்ச வேகம், படியின் உயரம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டது அது. அங்கே தோன்றுவது துடிப்பு அல்ல. படிக்குப் பின்னுள்ள முதன்மைக் குமிழுக்குள் அகலத்திசையில் அலையலையாக அமையும், காலத்தால் மாறாத முப்பரிமாண அமைப்பு. அதன் அலைநீளம் படியுயரத்தைப் போல 6.9 மடங்கு.

இந்த 6.9 என்ற எண்தான் மாதிரியின் அளவைத் தீர்மானிக்கிறது. படியுயரம் 15 மி.மீ. என்று வைத்தால் ஓர் அலைநீளம் 103 மி.மீ.; 400 மி.மீ. அகலத்தில் நான்குகூட அடங்காது, பக்கச்சுவர்கள் கெடுக்கும் பகுதியைக் கழித்தால் இரண்டு மிஞ்சும். 10 மி.மீ. படி என்றால் 69 மி.மீ.; கிட்டத்தட்ட ஆறு அலைகள் கிடைக்கும். ஆகவே 10 மி.மீ. படி, அதற்கு மேலே 10 மி.மீ. நுழைவு இடைவெளி, படியைத் தாண்டியபின் மொத்தம் 20 மி.மீ. உயரக் கால்வாய். ரெய்னால்ட்ஸ் எண் 750-க்கு உச்ச வேகம் வினாடிக்கு 7.5 செ.மீ., சராசரி வேகம் 5 செ.மீ. பரவளைய வடிவம் முழுதாக வளர நுழைவுக் கால்வாய் இந்த வேகத்தில் இடைவெளியைப் போல 22 மடங்கு, அதாவது 220 மி.மீ. வேண்டும், 350 வையுங்கள். படியைத் தாண்டியபின் கீழ்ச்சுவர்க் குமிழ் பத்துப் படியுயரத்தைத் தாண்டும், எதிர்ச்சுவரில் இன்னொரு குமிழ் அதற்கும் அப்பால் நீளும். 500 மி.மீ. நீளமாவது இல்லாவிட்டால் வெளிவாயில் குமிழைத் தொட்டுவிடும்.

இந்த அளவில் மொத்த ஓட்டம் நிமிடத்துக்கு வெறும் 12 லிட்டர். இது பெரிய வசதி. பம்பை நேரடியாக இணைக்கவே தேவையில்லை. மேலே வழிந்தோடும் நிலைமட்டத் தொட்டி ஒன்று, அதிலிருந்து ஈர்ப்பால் இறங்கும் குழாய், கீழே ஒரு வால்வு. பம்ப் மேல்தொட்டியை நிரப்பும் வேலையை மட்டும் பார்க்கட்டும், இடையில் நெகிழ்குழாய் இருக்கட்டும். 1 மீட்டர் நீர்மட்டத்தில் 2 மி.மீ. ஏற்ற இறக்கம் என்றால் ஓட்டத்தில் 0.1 சதவீதம்தான் மாறும். ஓட்டத்தை மின்காந்த ஓட்டமானியில் அளந்து, நேரக்கணக்கு வைத்து வாளியில் பிடித்து எடை பார்த்து ஒருமுறை சரிபாருங்கள்.

நுழைவுப் பேழையில் தேன்கூட்டுத் தட்டு. அதன் அறை நீளம் அறையின் விட்டத்தைப் போல 8 முதல் 10 மடங்கு. பிறகு இரண்டு மூன்று வலைகள். வலையின் திறந்த பரப்பு 57 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால் துளைகளிலிருந்து வரும் சிறு தாரைகள் ஒன்றோடொன்று ஒட்டி, அகலத்திசையில் நிலையான வேகவேறுபாட்டை உண்டாக்கும் என்று பிராட்ஷா 1965-இல் கண்டார். நீங்கள் தேடுவதும் அகலத்திசை வேறுபாடுதான் என்பதால், இந்த ஒரு தவறு மொத்தச் சோதனையையும் பொய்யாக்கிவிடும். வலையில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழுக்கும் இதே விளைவு உண்டு. நீரை ஓரிரவு நிற்கவைத்துக் காற்று நீங்கிய பின் பயன்படுத்துங்கள்.

இடைவெளியின் சீர்மை இன்னும் முக்கியம். அகலம் நெடுக அழுத்தச்சரிவு ஒன்றே என்பதால், சராசரி வேகம் இடைவெளியின் வர்க்கத்தில் மாறும். 10 மி.மீ. இடைவெளியில் ஓரிடத்தில் 0.2 மி.மீ. கூடினால் வேகம் 4 சதவீதமும், உள்ளூர் ரெய்னால்ட்ஸ் எண் 6 சதவீதமும் கூடும். 0.05 மி.மீ.-க்குள் வைத்திருக்கப் பாருங்கள். 400 மி.மீ. அகலத்துக்கு 10 மி.மீ. அக்ரிலிக் மூடி நடுவில் தொய்யும், நீரை உறிஞ்சி வளையவும் செய்யும். 20 மி.மீ. தடிமன் அல்லது கண்ணாடி எடுங்கள். நுழைவுப் பகுதியில் ஒளி தேவையில்லை என்பதால் அங்கே அலுமினியத் தகடே சிறந்தது. படியின் விளிம்பு கூராக இருக்கவேண்டும். 0.1 மி.மீ. மழுங்கல் பரவாயில்லை, ஆனால் அகலம் நெடுக ஒரே மாதிரி இருக்கட்டும், பசை பிதுங்கிய இடம் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

ரெய்னால்ட்ஸ் எண் எதனால் கணக்கிடப்பட்டது?

பழைய அளவீடுகளோடு ஒப்பிடும்போது பலர் தடுக்கி விழும் இடம் இது. ஆர்மலி, டர்ஸ்ட், பெரெய்ரா, ஷோனுங் நால்வரும் 1983-இல் காற்றில் லேசர் டாப்ளர் முறையில் செய்த சோதனையில் நுழைவு இடைவெளி 5.2 மி.மீ., படி 4.9 மி.மீ. அவர்கள் எடுத்த நீளம் நுழைவு இடைவெளியைப் போல இரண்டு மடங்கு. வேகம் உச்சத்தின் மூன்றில் இரண்டு பங்கு. ஆக அவர்களுடைய எண், உச்ச வேகமும் படியுயரமும் வைத்த எண்ணைப் போல ஏறக்குறைய மூன்றில் நான்கு மடங்கு. பார்க்லி குழுவின் 748, ஆர்மலி அளவுகோலில் சுமார் 1,000.

ஆனால் ஆர்மலி குழுவின் அளவீடு, எண் 400 அளவிலேயே பாய்வு இருபரிமாணத்தை இழப்பதைக் காட்டியது. ஏன் இவ்வளவு முன்கூட்டி? இதைப் பாய்வுக்கே உரிய நிலையின்மை என்று எடுத்துக்கொண்டால் தவறு. பக்கச்சுவரின் எல்லைப்படலம் (சுவரை ஒட்டி வேகம் குறைந்த மெல்லிய அடுக்கு) படியைத் தாண்டும்போது, சுவரிலிருந்து நடுப்பகுதி நோக்கி ஒரு தாரை கிளம்புகிறது. வில்லியம்ஸும் பேக்கரும் 1997-இல் முப்பரிமாணக் கணக்கீட்டில் இதைக் காட்டினார்கள். ரெய்னால்ட்ஸ் எண் ஏற ஏற அந்தத் தாரை உள்ளே ஊடுருவும். ஆகவே பக்கச்சுவரிலிருந்து தொடங்கி நடுவை நோக்கி மெல்ல வளரும் முப்பரிமாணம் சுவரின் வேலை. அகலம் முழுவதும், குறிப்பாக நடுவில், ஒரே அலைநீளத்தோடு தோன்றுவது நிலையின்மை. ஒன்றிலிருந்து மற்றதைப் பிரிக்க, அகலத்தைப் பொய்ச்சுவர் வைத்து 400-இலிருந்து 280 மி.மீ. ஆக்கி மறுபடி அளவிடுங்கள். அலைநீளம் அப்படியே நின்றால் நல்லது. அகலத்தோடு சுருங்கினால் அது சுவருடையது.

மீளொட்டு நீளத்தை, அதாவது பிரிந்த பாய்வு மறுபடி சுவரில் ஒட்டும் தூரத்தை, முதல் சரிபார்ப்பாக வைக்கலாம். ஆர்மலி அளவுகோலில் 100-க்கு அது சுமார் 3 படியுயரம், 400-க்குச் சுமார் 8. இந்த இரண்டும் வராமல் மேலே போகாதீர்கள்.

வெப்பமும் பொறுமையும்

20 டிகிரியை ஒட்டி நீரின் பாகுநிலை டிகிரிக்கு ஏறத்தாழ 2.4 சதவீதம் குறைகிறது. ஒரு டிகிரி நகர்ந்தால் ரெய்னால்ட்ஸ் எண் 748 என்பது 766 ஆகிவிடும். மாறுநிலையை 1 சதவீதத்துக்குள் சொல்ல வேண்டுமானால் வெப்பநிலையை 0.2 டிகிரிக்குள் பிடிக்க வேண்டும். 500 லிட்டர் நீரில் 100 வாட் பம்ப் ஓடினாலே மணிக்கு 0.17 டிகிரி ஏறும்.

சாயம் விடுவதாக இருந்தால் வெப்பநிலை வேறொரு வழியிலும் கெடுக்கும். சாயக் கரைசல் வாய்க்கால் நீரைவிட 1 டிகிரி வித்தியாசப்பட்டால் அடர்த்தி வேறுபாடு பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. அற்பமாகத் தோன்றும். ஆனால் 10 மி.மீ. உயரத்தில் அது உண்டாக்கும் மிதப்பு வேகம் வினாடிக்கு 4.5 மி.மீ. வரை போகும், குமிழுக்குள் பின்னோட்டமே வினாடிக்குச் சில மி.மீ.தான். சாயக் குடுவையை வாய்க்கால் நீரிலேயே ஒரு மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். கரைசலையும் வாய்க்கால் நீரிலேயே தயாரியுங்கள்.

அடுத்தது காத்திருப்பு. படியுயரத்தின் வர்க்கத்தைப் பாகுநிலையால் வகுத்தால் வரும் பரவல் காலம் 100 வினாடி. மாறுநிலைக்கு அருகே வளர்ச்சி வீதம் பூச்சியத்தை நெருங்குவதால் எல்லாம் மந்தமாகிவிடும். வால்வைத் திருப்பி இரண்டு நிமிடத்தில் அளந்தவர்களுக்கு எப்போதும் உயர்ந்த மாறுநிலை எண்ணே கிடைக்கும், இறக்கும்போது தாழ்ந்த எண் கிடைக்கும்; இரண்டையும் சேர்த்து வரைந்து, இல்லாத தயக்க வளையத்தை (ஏற்றும்போது ஒரு கோடு, இறக்கும்போது வேறு கோடு) கண்டுபிடித்ததாக எழுதுவார்கள். ஒவ்வொரு படிநிலையிலும் 15 முதல் 20 நிமிடம் கொடுங்கள். எண்ணை 10, 10 ஆக ஏற்றினால் அது உச்ச வேகத்தில் வினாடிக்கு 1 மி.மீ. மாற்றம்.

படம்பிடித்து அளப்பது

சூடான கம்பி உணரியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அதற்குத் திசை தெரியாது. பின்னோட்டத்தையும் முன்னோட்டமாகவே காட்டும். லேசர் டாப்ளர் கருவி இருந்தால் அதிர்வெண் பெயர்ச்சி கொண்டதாக இருக்கட்டும். முழுப் புலமும் வேண்டும் என்பதால் துகள் படவேக அளவீடே, அதாவது பி.ஐ.வி., பொருத்தம்.

துகள்: 10 மைக்ரான் உள்ளீடற்ற கண்ணாடிக் கோளம். அதன் அடர்த்தி நீரைவிட 10 சதவீதம் கூடினாலும், மூழ்கும் வேகம் வினாடிக்கு 5 மைக்ரான்தான், பொருட்படுத்த வேண்டாம். ஒளித்தகடு 1 மி.மீ. தடிமன். வேகம் குறைவாக இருப்பதால் இரட்டைத் துடிப்பு லேசர் தேவையில்லை. தொடர்ச்சியான 532 நானோமீட்டர் லேசரும், வினாடிக்கு 100 படம் எடுக்கும் கேமராவும் போதும்.

150 மி.மீ. புலத்தை 2,048 பிக்சலில் பிடித்தால் ஒரு பிக்சல் 0.073 மி.மீ. முதன்மைப் பாய்வு அடுத்தடுத்த இரு படங்களுக்கிடையே 10 பிக்சல் நகரும். குமிழுக்குள் நகர்வு 1 பிக்சலே, பி.ஐ.வி.யின் வழக்கமான பிழை 0.1 பிக்சல் என்பதால் அங்கே 10 சதவீதப் பிழை வந்து நிற்கும். இதற்குத் தீர்வு எளிது: ஒரே தொடர்படத்தை இரண்டு முறை கணக்கிடுங்கள். முதன்மைப் பாய்வுக்கு அடுத்தடுத்த படங்கள், குமிழுக்கு எட்டுப் படம் விட்டு எட்டாவது. துகளின் படம் 2 பிக்சலுக்கும் குறைவான விட்டத்தில் விழுந்தால் நகர்வுகள் முழு எண்களையே நாடும். நகர்வின் பின்னப் பகுதிக்கு ஒரு பரவல் படம் வரைந்தால் இது உடனே தெரிந்துவிடும். லென்ஸ் துளையைச் சிறிதாக்குவது அல்லது மிகச்சிறிய அளவில் குவியத்தைத் தளர்த்துவது சரிசெய்யும். சுவரின் பிரதிபலிப்பு தொல்லை கொடுத்தால் ரோடமின் ஏற்றிய ஒளிரும் துகளும், கேமராவின் முன் ஆரஞ்சு வடிகட்டியும்.

நிலையான முப்பரிமாண அமைப்பைத் தேட ஒளித்தகட்டைக் கிடைமட்டமாக, தரையிலிருந்து 5 மி.மீ. உயரத்தில் செலுத்தி, அகலத்திசை வேகத்தை எடுங்கள். மாறுநிலையை ஒட்டி அதன் வீச்சு உச்ச வேகத்தின் 1 சதவீதமாக இருக்கலாம், அதாவது வினாடிக்கு 0.75 மி.மீ. பாய்வு நிலையானது என்பதால் பல நூறு புலங்களைச் சராசரி எடுத்து இரைச்சலைக் கீழே கொண்டுவரலாம். பிறகு அகலத்திசையில் ஃபூரியர் எடுத்து 69 மி.மீ. கூறின் வீச்சை மட்டும் பின்தொடருங்கள். நடைமுறையில் கூர்மையான தொடக்கம் கிடைக்காது. வடிவியலின் சிறு குறைகள் அந்த அலையை முன்கூட்டியே விதைத்துவிடும். எது விதைத்தது என்று அறிய, படிப்பலகையை இடவலமாகத் திருப்பிப் போட்டு மறுபடி அளவிடுங்கள். அமைப்பும் கூடவே திரும்பினால் குறை பலகையில். அசையாமல் நின்றால் நுழைவுப் பேழையிலோ மூடியிலோ.

அதிர்வெண் யாருடையது?

வேகம் கூடிக் கொந்தளிப்புப் பகுதிக்குப் போகும்போது நிறமாலையில் பல முகடுகள் வரும். இதை மூடிய கால்வாயில் அல்லாமல் திறந்த வாய்க்காலில் செய்வீர்கள் என்று கொள்கிறேன். உதாரணமாக 20 மி.மீ. படி, வினாடிக்கு 30 செ.மீ. படிக்கு உரிய சுழல் உதிர்வு, படியுயரத்தை வைத்த ஸ்ட்ரூஹால் எண் (அதிர்வெண்ணை நீளத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் வருவது) 0.2 அளவில், இங்கே 3 ஹெர்ட்ஸில் வரும். குமிழ் மொத்தமாக நீண்டு சுருங்கும் தாழ் அதிர்வெண் அசைவு 0.02 அளவில், அதாவது 0.3 ஹெர்ட்ஸில். இப்போது வாய்க்காலைப் பாருங்கள்: 3 மீட்டர் நீளம், 25 செ.மீ. ஆழம் என்றால் நீர்மட்டம் முன்னும் பின்னும் ஆடும் அடிப்படை அதிர்வெண் 0.26 ஹெர்ட்ஸ். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்! குமிழின் அசைவு என்று அளந்தது தொட்டியின் தளும்பலாக இருந்துவிட வாய்ப்பு மிக அதிகம்.

பிரிக்கும் வழி, ஒவ்வொரு முகட்டையும் வேகத்துக்கு எதிராக மடக்கை அச்சுகளில் வரைவது. சாய்வு பூச்சியம் என்றால் தளும்பல், அல்லது தாங்கு சட்டத்தின் அதிர்வு. சாய்வு 1 என்றால் படியுயரம் சார்ந்த உதிர்வு. சாய்வு 1.5 என்றால் ஷியர் லேயரின் கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலையின்மை, ஏனென்றால் அதன் அதிர்வெண் உந்தத் தடிமனை (எல்லைப்படலம் இழந்த உந்தத்தைக் காட்டும் தடிமன்) சார்ந்தது, கொந்தளிக்காத எல்லைப்படலத்தில் அந்தத் தடிமன் வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மெலிகிறது. உந்தத் தடிமனும் ஷியர் லேயரின் சராசரி வேகமும் வைத்துக் கணக்கிட்ட ஸ்ட்ரூஹால் எண் 0.032 என்பது இங்கே அடையாளம். அரை மீட்டர் தட்டுக்குப் பின் வினாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் உந்தத் தடிமன் சுமார் 1.5 மி.மீ.; அதிர்வெண் 1.1 ஹெர்ட்ஸ். வேகத்தை இரட்டித்தால் 3 ஹெர்ட்ஸ். இந்த லேயருக்குள் ஐந்தாறு வேகத் திசையன்களாவது விழவேண்டும். லேயரின் முழுத் தடிமன் 6 மி.மீ. என்றால் 32 பிக்சல் சாளரம் 1 மி.மீ.-ஐத் தாண்டக்கூடாது, ஆகவே புலத்தை 60 மி.மீ.-க்குச் சுருக்குங்கள்.

சாய்வு 1 வந்ததும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். பம்பின் இறக்கை கடக்கும் அதிர்வெண்ணும் வேகத்துக்கு நேர்விகிதம்தான். நிமிடத்துக்கு 300 சுற்று, நான்கு இறக்கை என்றால் 20 ஹெர்ட்ஸ், தண்டின் சுழற்சி 5 ஹெர்ட்ஸ். ஸ்ட்ரூஹால் எண்ணாக மாற்றினால் அது மாறாத எண்ணாகவே தெரியும், ஆய்வுக்கட்டுரையில் ஏறவும் ஏறும். வால்வைப் பாதி மூடி, பம்பை வேகமாக ஓட்டி, அதே பாய்வு வேகத்தைக் கொண்டுவாருங்கள். நகரும் முகடு பம்புடையது.

பதிவின் நீளமும் பெரும்பாலும் போதாமல் போகிறது. தாழ்ந்த முகடு 0.05 ஹெர்ட்ஸில் இருந்தால், 200 சுற்றுக்கு 4,000 வினாடி வேண்டும். வெறும் பத்துச் சுற்றுப் பதிவில் தெரியும் முகட்டை நம்பமுடியாது.

பெருக்கியா, அலையியற்றியா: முடிவான சோதனைகள்

முதலாவது, இரைச்சலை வேண்டுமென்றே மாற்றுவது. ஒரு வலையைக் கழற்றுங்கள், அல்லது நுழைவில் மெல்லிய நாடாவை அறியப்பட்ட வீச்சில் அதிரவையுங்கள். கீழே வீச்சு அதே விகிதத்தில் ஏறினால் அது பெருக்கி. தன் அதிர்வெண்ணையும் நிறைவுற்ற வீச்சையும் அப்படியே வைத்துக்கொண்டால் அலையியற்றி. நாடாவின் அதிர்வெண்ணை வரிசையாக மாற்றி, ஒவ்வொன்றிலும் வளர்ச்சியை அளந்தால் பெருக்கியின் முழு வளைவே கிடைக்கும். வீச்சின் இயற்கை மடக்கையைத் தூரத்துக்கு எதிராக வரையுங்கள். நேராக இருக்கும் பகுதியின் சாய்வே இடவளர்ச்சி வீதம். நேரான பகுதியே இல்லையென்றால் தூண்டல் அதிகம், நேரிலாப் பகுதிக்குள் தொடக்கத்திலேயே போய்விட்டீர்கள். நாடாவின் வீச்சைப் பத்தில் ஒன்றாக்குங்கள்.

இரண்டாவது, திடீர் மாற்றம். மாறுநிலைக்குச் சற்று மேலே ஓட்டத்தைத் தாவவிட்டு வீச்சு காலத்தோடு எப்படி வளர்கிறது என்று பாருங்கள். அலையியற்றி என்றால் அடுக்குக்குறி வளர்ச்சி, பிறகு நிறைவு. அந்தக் கால வளர்ச்சி வீதத்தைப் பல எண்களில் எடுத்தால் அது நேர்கோடாகப் பூச்சியத்தைக் கடக்கும். மாறுநிலைக்குக் கீழே, சிறு தட்டலுக்குப் பின் வரும் தேய்மானமும் அதே கோட்டில் விழும்.

மூன்றாவது, பின்னோட்டத்தின் அளவு. இது சான்று இல்லை, குறிப்பு மட்டும். சுவரற்ற ஹைபர்பாலிக் டேன்ஜென்ட் ஷியர் லேயரில் பின்னோட்டம் முன்னோட்டத்தின் 13.6 சதவீதத்தைத் தாண்டினால் குலைவு இருந்த இடத்திலேயே வளரத் தொடங்கும் என்று ஹியூரும் மாங்கெவிட்ஸும் 1985-இல் கணித்தனர். சுவரை ஒட்டிய குமிழ்களில் இந்த வரம்பு 15 முதல் 20 சதவீதம். நிலையான முப்பரிமாண அமைப்போ 7, 8 சதவீதத்திலேயே தோன்ற முடியும். உங்கள் குமிழில் 5 சதவீதம்தான் இருக்கிறது, ஆனால் கூர்மையான முகடு வருகிறது என்றால் மறுபடியும் பம்பைப் போய்ப் பாருங்கள்.

அளந்த வேகவடிவத்தைக் கொண்டு ஓர்–சாமர்ஃபெல்ட் கணக்கு (சிறு குலைவு வளருமா என்று பார்க்கும் சமன்பாடு) போடும்போது கவனம் வேண்டும். நிலையற்ற பாய்வின் சராசரியும், நிலையின்மை எழும் அடிப்படைப் பாய்வும் ஒன்றல்ல. உருளைக்குப் பின்னால், சராசரிப் பாய்வை வைத்துக் கணக்கிட்டால் அதிர்வெண் சரியாக வருகிறது, வளர்ச்சி வீதமோ பூச்சியத்தையொட்டி வருகிறது. அடிப்படைப் பாய்வில் அதிர்வெண் பிசகுகிறது. பார்க்லி 2006-இல் காட்டியது இது. ஆகவே சராசரியிலிருந்து கிடைத்த வளர்ச்சி வீதத்தை அளந்த வளர்ச்சி வீதத்தோடு ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்று கோட்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். அளந்த புலங்களைச் சில அடிப்படை வடிவங்களாகப் பிரிக்கும் பி.ஓ.டி., டி.எம்.டி. போன்ற சிதைவுமுறைகளிலும் இதே எச்சரிக்கை: அவை ஆற்றல் எங்கே இருக்கிறது, எந்த அதிர்வெண்ணில் என்று காட்டும், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. தொட்டியின் தளும்பலுக்கும் அழகான ஒரு பி.ஓ.டி. வடிவம் கிடைக்கும்.

கூர்மையான படிக்குப் பதில் மழுங்கிய மேடு வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மேட்டில் பிரிவுப்புள்ளி வடிவியலால் கட்டப்படவில்லை, மேலிருந்து வரும் எல்லைப்படலத்தோடு அதுவும் நகரும். பஸாஜியா, லெவெகே, எரென்ஸ்டைன் 2012-இல் மேட்டுக்குப் பின்னால் அகலத்திசை நிலையின்மையையும் தாழ் அதிர்வெண் அசைவையும் சோதனையில் ஆராய்ந்தார்கள். பாய்வியல் நோக்கில் அது படியைவிடச் சுவையானது. ஆனால் அங்கே ரெய்னால்ட்ஸ் எண்ணோடு, மேட்டின் இடத்தில் எல்லைப்படலத்தின் இடப்பெயர்ச்சித் தடிமனையும் (படலம் வெளிப்பாய்வை எவ்வளவு தள்ளுகிறது என்ற அளவு) ஒவ்வொரு வேகத்திலும் தனியாக அளந்து சொல்ல வேண்டும். தட்டின் முன்விளிம்பு நீள்வட்டமாகவும், தட்டின் சாய்வு ஒரு டிகிரியின் பின்னத்துக்குள்ளும் இருக்க வேண்டும். முன்விளிம்பிலேயே ஒரு சிறு பிரிவு நேர்ந்தால் கீழே மேட்டுக்கு வந்துசேரும் படலம் ஏற்கெனவே கலங்கியிருக்கும். மேட்டைப் பொருத்தும் முன், வெறும் தட்டில் பிளாசியஸ் வேகவடிவம் (தட்டையான தட்டின் மேல் கொந்தளிக்காத எல்லைப்படலத்துக்குக் கோட்பாடு தரும் வடிவம்) கிடைக்கிறதா என்று மூன்று இடங்களில் அளந்துவிட்டு ஆரம்பியுங்கள்.